பதினான்காம் எண் பீச் பீர்

மார்ச் 4

தம்பிக்கு,

போனில் கூப்பிடாதே, எடுக்கமாட்டேன். பேச ஆரம்பித்தால் நீ குறுக்கே குறுக்கே புகுந்து கடைசியில் நான்தான் தப்புச் செய்தவள் என்று ஆக்கிவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் கடிதம்.

பீர் போட்டியின் முடிவு நேற்றுத் தபாலில் வந்தது. என் பீச் பீருக்கு நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பதாவது இடம். அதைக்கூட விழுங்கிக்கொள்வேன். கூடவே மூன்று நடுவர்கள் கைப்பட எழுதிய சீட்டுகளையும் வைத்திருந்தார்கள். பெயர் கிடையாது. முதல் நடுவர் "முயற்சி தொடரட்டும்" என்று எழுதி நழுவிவிட்டார். இரண்டாமவர் எழுதியது அவருக்கே புரியாது. மூன்றாமவர் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் தருகிறேன்:

"பதினான்காம் எண். பீச் வாசனை கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறது. பழத்தின் வாசனை அல்ல, தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவின் வாசனை. செய்தவர் பீச் பழத்தைப் பற்றித் தொலைபேசியில் கேள்விப்பட்டிருக்கிறார். குடித்து முடித்ததும் தலை துவட்டத் துண்டு தேடினேன். நுரை மட்டும் நன்று. பொறுமையான கை."

இந்த மூன்றாவது நடுவர் 'ற' எழுதினால் கடைசிக் கால் வரியை விட்டு இறங்கித் தெருவுக்குப் போய்விடுகிறது. அப்படி 'ற' எழுதுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவன் என் கல்யாணப் பத்திரிகை உறைகளில் விலாசம் எழுதியதில் பாதி உறைகள் திரும்பி வந்தன.

ஆற்றங்கரை ஓட்டல்காரர்கள், முதல் பத்து இடத்துக்குள் வரும் பீரைத்தான் கோடைக்கு எடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். உனக்குத் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்துகொள்.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை பிஸ்கட் கம்பெனி நடைவழியில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு ருசி பார்க்கும் அறைக்குப் போனால் இஞ்சி பிஸ்கட்டுக்கும் தேங்காய் பிஸ்கட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நான் நடுவர் என்பது உனக்குத் தெரியக் கூடாது, யாருடைய பீர் என்பது எனக்குத் தெரியக் கூடாது. அதுதான் விதி. பட்டியலில் உங்கள் பீர் ஆலை அத்தான் பேரில் இருந்திருக்கும், அதையும் எங்களுக்குக் காட்டமாட்டார்கள். எண் ஒட்டிய கண்ணாடிக் கோப்பைதான் முன்னால் வரும். வாயைக் கொப்பளி, ரொட்டித் துண்டு கடி, குடி, எழுது. அவ்வளவுதான்.

அது உன்னுடையது என்று தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். இதையேதான் எழுதியிருப்பேன். துண்டு தேடிய வரியை மட்டும் எடுத்திருப்பேன்.

கோபப்படாமல் ஒன்று சொல். நீ ஏன் எசென்ஸ் ஊற்றினாய்? பதினாறு வருடமாக அந்தப் பாட்டில்களை மோந்து பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். பதினான்காம் எண்ணில் இருந்தது பீச் எசென்ஸ். அதுவும் மலிவான ரகம். பழம் போட்டு எட்டு வருடம் பீர் செய்தவளுக்கு இது எதற்கு? அவசரமா? பழம் அழுகிவிட்டதா?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீயாகப் பார்த்தால் இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியில் போட்டியைப் பற்றி எழுதினேன். ஷாம்பு வரியும் அதில் இருக்கிறது. உன் கடிதம் வரும் முன்பே அச்சுக்குப் போய்விட்டது. பெயர் ஏதும் போடவில்லை.

தம்பி

மார்ச் 12

தம்பி என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு,

எசென்ஸா?

முந்நூறு கிலோ பீச். ஒவ்வொன்றையும் கொதிநீரில் முக்கி, தோலை உரித்து, கொட்டையை எடுத்தோம். பீச் தோலில் இருக்கிற பூனைமுடி முழங்கை வரை ஒட்டிக்கொண்டு ஒன்பது நாள் அரித்தது. நானும் உன் அத்தானும் ராத்திரி தூக்கத்தில் ஒருவர் கையை ஒருவர் சொறிந்தோம். நீ உட்கார்ந்த இடத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு எசென்ஸ் என்கிறாய்.

இத்துடன் ஆறு பாட்டில் பார்சலில் வருகிறது. அதே தொட்டி, அதே தேதி. வீட்டில் உட்கார்ந்து குடி. உன் பெண்டாட்டி பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் பல் வைத்தியர், வாய் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பொய் சொல்லமாட்டாள். குடித்துவிட்டு உண்மையை எழுது.

உன் பத்தியை இங்கே எல்லோரும் படித்துவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் வாசித்துக் காட்டிச் சிரித்தார். அது எங்களுடையது என்று அவருக்குத் தெரியாது. உன் அத்தான் ரொட்டியை வாங்காமலே திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ஏதாவது கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். தபாலில் வந்த மூன்று சீட்டில் உன்னுடையதை மட்டும் காணோம். கிழித்துப் போட்டிருப்பார். கட்டிய மனைவிக்காக இப்படி உருகுகிற மனிதர் ஒரு பக்கம், கூடப் பிறந்தவன் ஒரு பக்கம். நன்றாக இருக்கிறது என் கதை.

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. ஒரு பாட்டில் உடைந்து, ஐந்து பிழைத்தது.

நேற்று மாலை சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, போட்டியில் செய்வது போலவே செய்தேன். இவள் எதிரில் உட்கார்ந்தாள். கிளினிக்கிலிருந்து நேராக வந்தவள், மருந்து வாசனை வரக் கூடாது என்று கையை மூன்று முறை கழுவச் சொன்னேன். முகம் சுளித்தாலும் கழுவினாள்.

ஊற்றினேன். வெளிறிய வைக்கோல் நிறம், கொஞ்சம் கலங்கல். மோந்தால் முதலில் ரொட்டி மாதிரி ஒரு வாசனைதான். பீச் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. முதல் வாய் புளிப்பு. இரண்டாவது வாயில் நாக்கின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. மூன்றாவது வாயில் பழம் வந்தது, அக்கா. வந்து உட்காரவில்லை, எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அது போன பிறகு கொட்டைக்குள் இருக்கிற பருப்பின் சின்னக் கசப்பு. ஒரு பாட்டிலை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். பழத்தின் சர்க்கரையை எல்லாம் ஈஸ்ட் தின்றுவிட்ட பிறகும் பழத்தை மிச்சம் வைத்திருக்கிறாய். அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இவள் சொன்னதையும் எழுதச் சொல்லியிருக்கிறாய், எழுதுகிறேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பீச் பீர்னு சொன்னீங்களே, இதுல பீச் எங்க?" என்றாள். மூன்றாவது வாயில் வரும் என்றேன். "மூணாவது வாய் வரைக்கும் யாரு காத்திருப்பா? பல்லு புடுங்க வந்தவங்களே ரெண்டாவது நிமிஷம் எழுந்திரிச்சிடறாங்க" என்றாள்.

விஷயம் அதுவல்ல. நான் போட்டியில் குடித்தது இது இல்லை. பதினான்காம் எண் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருந்தது. இது வேறு பீர். சத்தியமாகச் சொல்கிறேன். எங்கேயோ மாறியிருக்கிறது.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

அப்படியானால் அந்தப் போட்டிக்காரர்கள்தான். எண்ணை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். யாரோ ஒரு எசென்ஸ்காரன் என் எண்ணில் தோற்று, என் பீரால் ஜெயித்திருக்கிறான். உன்மேல் இருந்த கோபத்தில் பாதியை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டேன். மீதிப் பாதி உன் பத்திக்காக அப்படியே இருக்கிறது.

நேற்று நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டப்போனபோது உன் அத்தான் வந்து நின்றார்.

"இது எதுக்கு?"

"எதுக்கா? நம்ம பீர மாத்தியிருக்காங்க."

"போனது போச்சு. விடு."

"ஓட்டல் ஆர்டர் போச்சே, அதையும் விடவா?"

"அவங்க பாவம், பிள்ளகுட்டிக்காரங்க. வேலை போயிரும்."

யார் பிள்ளைகுட்டிக்காரர்கள், இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பொதுவாகச் சொன்னாராம். உறையை எடுத்து நானே தபால் பெட்டியில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அவர் கோட்டைத் துவைக்க எடுத்தால் உறை பைக்குள்ளேயே இருக்கிறது. மறந்துவிட்டாராம். பார், இவ்வளவு நடந்தும் யாருக்கும் ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதர்.

நாளை நானே தபாலில் போடுகிறேன்.

அக்கா

மார்ச் 26

அக்காவுக்கு,

புகாரைத் தபாலில் போடாதே. போட்டிருந்தால் தபால் நிலையத்துக்கு ஓடிப் போய்த் திரும்ப வாங்கு. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஜனவரியில் அத்தான் எனக்குப் போன் செய்தார். பீச் எசென்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும், ஒரு லிட்டருக்கு எத்தனை சொட்டு என்று கேட்டார். எதற்கு என்றேன். கேக் செய்யப் போவதாகச் சொன்னார். உன்னிடம் சொல்ல வேண்டாம், ஆச்சரியமாக இருக்கட்டும் என்றார். நானும் சந்தோஷமாகக் கடை விலாசம் கொடுத்தேன். உன் கடைசிக் கடிதத்தைப் படிக்கும் வரை அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அந்தக் கேக்கை நீ சாப்பிட்டாயா?

போட்டிக்குப் பெட்டியை வண்டியில் கொண்டுவந்தது யார்?

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

கேக் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இந்த மனிதர் ஒரு முட்டைகூட வேகவைத்ததில்லை.

எங்கள் ஆலை முன்பு சலவைக்கூடமாக இருந்தது உனக்குத் தெரியும். அதன் பின்னறையில் பழைய சின்ன டேங்க் ஒன்று கிடக்கிறது. ஒழுகுகிறது, தொடாதே என்று அவர்தான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உன் கடிதம் கிடைத்ததும் போய்த் திறந்தேன். ஒழுகவில்லை. மூடியைத் தூக்கியதுமே ஒரு சலூனின் ஷாம்பு வாசனை முழுவதும் என் முகத்தில் வந்து மோதியது. பக்கத்தில் கவிழ்த்து வைத்த கூடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வாளியும் துடைப்பமுமாக வந்தார். என்னையும் திறந்த மூடியையும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எப்போலேந்து?" என்றேன்.

"போன மழைக்காலத்துலேந்து."

"என் பீர எடுத்துட்டு உங்களோடத வச்சீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்தது. மறுபடி சாய்த்தார்.

"எட்டு வருஷமா நீ காய்ச்சற, நான் கழுவறேன். குறை சொல்லல, எனக்குக் கழுவறது பிடிக்கும். ஆனா ஒரு தடவ, நான் செஞ்சத யாருன்னு தெரியாதவங்க குடிச்சுட்டு என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு. உன்கிட்ட குடுத்தா நீ மோந்து பாத்துட்டு ஒரு பார்வை பாப்ப. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்."

சட்டைப் பையிலிருந்து உன் சீட்டை எடுத்தார். கிழிக்கவில்லை. நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் நூலாகிவிட்டது. கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். "நுரை நல்லாருக்குன்னு போட்டிருக்கான் பாரு. பொறுமையான கைன்னு."

அத்தனை நாள் அவர் சாப்பிடாமல் இருந்தது எனக்காக என்று நினைத்து நான் கரைந்துகொண்டிருந்தேன். அவர் தனக்காகத்தான் சோகமாக இருந்திருக்கிறார். இதற்குக் கோபப்படுவதா, ஓட்டல் ஆர்டர் போனதற்குக் கோபப்படுவதா, ஒரே நேரத்தில் இரண்டும் வந்தது. நிறையப் பேசிவிட்டேன். அதையெல்லாம் எழுத எனக்கே கூசுகிறது. "கழுவத்தான் லாயக்கு" என்றும் சொன்னேன்.

மறுநாள் விடிந்தபோது ஆளைக் காணோம். வண்டி இருக்கிறது. இரண்டு பெட்டி பாட்டில் இல்லை. என்னுடையதில் ஒரு பெட்டி, அவருடையதில் ஒரு பெட்டி. ஒரு தாள்கூட எழுதி வைக்கவில்லை. அங்கே வந்தால் உடனே சொல். போனிலேயே சொல், எடுக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

அத்தான் பத்திரமாக இங்கே இருக்கிறார் என்று போனில் சொன்னபோது "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாய். மீதியைச் சொல்ல எனக்கும் அப்போது தைரியம் வரவில்லை. இதில் எழுதுகிறேன்.

ஐந்து மணி நேரம் பஸ்ஸில் இரண்டு பெட்டியையும் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் நின்றபடி முதலில் சொன்னது, "மாப்ள, என்மேல கோபப்படறதா இருந்தா உள்ள போயி உக்காந்துட்டுப் பேசுவோம், கால் மரத்துப் போச்சு." இவள் அவருக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

மறுநாள் போட்டி அலுவலகத்துக்குப் போனோம். செயலாளர் அம்மாவிடம் அத்தான் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "தப்பு என்னுது. எம் பொண்டாட்டி பீர நீங்க இன்னும் குடிக்கவே இல்ல." அந்த அம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டி, வைத்த பெட்டி வைத்ததுதான், மறுபடி நடத்த வழியில்லை என்று சொல்லிவிட்டார். அவர் மேசையில் உன் பாட்டில் ஒன்றை வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

நான் வீட்டுக்குப் போகலாம் என்றேன். அத்தான் ஆற்றங்கரை ஓட்டல் எந்தப் பக்கம் என்று கேட்டார். அங்கே மேலாளரைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மறுபடி முதலிலிருந்து அதே கதையைச் சொன்னார். மேலாளர் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அன்று மாலை அங்கே நாற்பது நர்ஸுகளுக்கு விருந்து. "ரெண்டையும் வைப்போம், என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்றார்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. அத்தானுடைய பாட்டில்கள் சூப் வருவதற்குள் தீர்ந்துவிட்டன. உன்னுடையதில் பாதி மிஞ்சியது. ஒரு தலைமை நர்ஸ் என்னிடமே வந்து, "பேப்பர்ல ஷாம்புன்னு போட்டிருந்தாங்களே, அது இதுதானா? அதப் படிச்சதுலேந்து குடிக்கணும்னு ஆசை. நல்லாத்தானே இருக்கு, அந்த ஆளுக்கு என்ன கேடு?" என்றார். அந்த ஆள் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தான் சொன்னார். நாற்பது பேரிடமும் சொன்னார்.

ஆனால் இதையும் கேள். சமையலறை வாசலில் தலைமைச் சமையல்காரர் நின்றிருந்தார். தடித்த மனிதர், யாரோடும் பேசவில்லை. மிஞ்சிய உன் பாட்டிலில் ஒன்றைத் திறந்து நின்றபடியே குடித்தார். பிறகு இன்னொன்று. பிறகு மிச்சம் இருந்ததையெல்லாம் உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார். இது இல்லாமல் இந்தக் கோடைக்கு மீன் சமைக்கமாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டாராம். ஆக, சாப்பாட்டுக் கூடத்துக்கு உன்னுடையது, ஆற்றைப் பார்த்த மாடிக்கு அத்தானுடையது. இரண்டுக்கும் ஆர்டர். மாடிக்குத்தான் கொஞ்சம் அதிகம். எவ்வளவு அதிகம் என்று அத்தானே சொல்லட்டும், நான் உயிரோடு இருக்க ஆசைப்படுகிறேன்.

நாளைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். வீட்டுக்குள் விடுவாயா என்று மூன்று தடவை கேட்டார். எனக்குத் தெரியாது என்று மூன்று தடவை சொன்னேன்.

தம்பி

ஏப்ரல் 17

தம்பிக்கு,

வந்து சேர்ந்தார். பஸ் நிறுத்தத்துக்கு நான் போகவில்லை. ரொட்டி வாங்கத்தான் போனேன், ரொட்டிக் கடை அங்கே இருப்பதற்கு நான் என்ன செய்வது. திரும்பி வரும்போது பாதி வழியில் ரொட்டிப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கழுவத்தான் லாயக்கு" என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் பெட்டியை மாற்றியதற்குக் கேட்டார். அது முடிந்தது. முடியாத விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. இத்தனை ரகளைக்கும் நடுவில் நான் அவர் பீரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மூடியைத் திறந்து மோந்ததோடு தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் ஒரு கோப்பை ஊற்றச் சொன்னேன். ஊற்றினார். எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். ஒருத்தர் செய்ததை அவர் முன்னாலேயே குடிப்பது என்ன அவஸ்தை என்று அப்போதுதான் புரிந்தது. புருவத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உனக்குக் கோப்பையும் எண்ணும்தான், முகம் கிடையாது. கொடுத்துவைத்தவன்.

முதல் வாய் அதே வாசனை, நீ எழுதியதில் ஒன்றும் பொய்யில்லை. இரண்டாவது வாயும் அதே. மூன்றாவது வாய்க்குக் காத்திருந்தேன், அதுவும் அப்படியேதான் இருந்தது. அந்த பீரில் ரகசியமே கிடையாது. அடியில் இருக்கிற பீர் நல்ல பீர், சுத்தமாக, வழுவழுப்பாக, எங்கும் ஒரு பிசிறு இல்லாமல். அதன் மேல் அந்தப் பீச் ஏறி உட்கார்ந்து கையை ஆட்டுகிறது. மொத்தத்தையும் குடித்து முடித்தேன். பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதர், கண்டுபிடித்துவிடுவார்.

"எனக்குப் பிடிக்கல" என்றேன்.

என் கோப்பையை எடுத்தார். தனக்கு ஒன்று ஊற்றிக்கொண்டார். நிதானமாகக் குடித்தார். மீசையில் இருந்த நுரையைத் துடைத்தார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

அவ்வளவுதான். முகம் வாடவில்லை. எழுந்து அடுத்த பீர் காய்ச்சுவதற்கு மால்ட் தானிய மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார். ஓட்டல் ஆர்டர் அவருடையதற்கு என்னுடையதைவிட மூன்று மடங்காம். அதைச் சாப்பிடும்போது, உப்பை எடு என்பது மாதிரி சொன்னார். பெரிய டேங்க்கை அவருக்குக் கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய, சின்னதில் அடங்காது.

அவர் காய்ச்சுகிறார் என்றால் கழுவுவதற்கு ஆள் வேண்டும் இல்லையா? நேற்றுக் காலை நானே ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு டேங்க்குக்குள் இறங்கினேன். ஒரு மணி நேரம் தேய்த்தேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. அவர் டார்ச்சை எடுத்து வந்து உள்ளே தலையை விட்டு மெதுவாகச் சுற்றிலும் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுமார்தான்" என்றார். "வால்வுக்குப் பின்னாடி விட்டுட்ட."

மறுபடி இறங்கினேன்.

அக்கா